விதியா? வேகமா?

(இராசிபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கூடிய கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இக்கூட்டம் எதற்காகக் கூட்டப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. சென்ற மாதம் இவ்வூர் வாலிபர் ஒருவர் இரவு நேரத்தில் நாமக்கல் ரோட்டில் மோட்டார் சைக்கிளில் வருகையில், விளக்கில்லாமல் நிறுத்தியிருந்த ஒரு லாரியின் பின்புறத்தில் மோதி அங்கேயே இறந்து போனார். நாமும் துக்கம் விசாரிக்கப் போயிருந்தோம். அங்கு வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் "அவன் தலையெழுத்து அவ்வளவுதான்" என்று சொன்னார்கள். ஒரு ஜோசியர், ஏழரைச் சனிக்குப் பரிகாரம் செய்யாத குற்றம் என்றும், மிச்சமிருக்கும் இளைய பிள்ளைக்காவது உடனே செய்துவிட வேண்டும் என்றும் சொல்லி, அதற்கு ஆகும் செலவுக்கும் கணக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இவ்வளவும் நடந்த அந்தத் திண்ணைச் சுவரில், ஓர் ஆணியில், இறந்துபோனவரின் தலைக்கவசம் தூசி படிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதை ஒருவரும் பார்க்கவில்லை. நாம் பார்த்தோம். அதனால்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

தோழர்களே! பெற்ற வயிறு எரிந்துகொண்டிருக்கும்போது தர்க்கம் பேசுவது நமக்கும் கஷ்டமான காரியந்தான். ஆனால் அந்த வீட்டில் இன்னும் ஒரு பிள்ளை இருக்கிறான். அவனைக் காப்பாற்றப் போவது பரிகாரமா, வேறொன்றா என்பதை இப்போது பேசாமல் வேறு எப்போது பேசுவது?

டேஷிங் கார் சொல்லும் பாடம்

ஆடி மாதத்தில் சேலத்துப் பொருட்காட்சிக்கு நம்மில் போகாதவர்கள் குறைவு. அங்கே ராட்டினத்துக்குப் பக்கத்தில் "டேஷிங் கார்" என்று ஒரு விளையாட்டு உண்டு. இரும்புத் தரை, மேலே கம்பி வலை, காரின் பின்னாலிருந்து ஒரு கழி உயர்ந்து அந்த வலையைத் தொட்டுக்கொண்டிருக்கும். வலையும் தரையும் மின்சாரத்தின் இரண்டு முனைகள். அதனால் கார் ஓடுகிறது. காரைச் சுற்றித் தடித்த ரப்பர் வளையம் கட்டியிருக்கும். அமெரிக்காவில் 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த விளையாட்டைச் செய்து விற்கத் தொடங்கினார்கள். காசு கொடுத்து ஏறி உட்கார்ந்து, ஒருவர்மேல் ஒருவர் மோதி, சிரித்துக்கொண்டே இறங்கி வருகிறோம்.

சிரித்துவிட்டு வந்தோமே ஒழிய, அதில் நடந்தது என்ன என்று யோசித்தோமா? ஐந்து நிமிஷத்தில் இருபது தடவை மோதுகிறோம். ஒருவனுக்கும் எலும்பு முறிவதில்லை. ஏறுமுன் ராகு காலம் பார்த்தோமா? காரின் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோமா? அங்கே இருபது மோதலிலும் பிழைத்தவன், ரோட்டில் ஒரே மோதலில் சாவானேன்? அங்கே வராத சனி ரோட்டில் மட்டும் வருவானேன்? இதைக் கேட்டுப் பார்ப்பதுதான் பகுத்தறிவு.

முதலாவது, மோதினவுடன் உங்கள் உடம்பு முன்னால் பாய்கிறதல்லவா? பின்னாலிருந்து யாராவது தள்ளினார்களா? ஒருவரும் தள்ளவில்லை. கார் நின்றுவிட்டது, நீங்கள் நிற்கவில்லை, அவ்வளவுதான் சங்கதி. ஓடுகிற பொருள் அதே வேகத்தில் நேராக ஓடிக்கொண்டே இருக்கும்; நிற்கிற பொருள் நின்றுகொண்டே இருக்கும்; வெளியிலிருந்து ஒரு விசை வந்து தாக்கினாலொழிய இரண்டும் மாறா. இதை ஜடத்துவம் என்று சொல்லுவார்கள். நியூட்டன் என்னும் ஆங்கிலேயர் 1687-ல் வெளியிட்ட நூலில் முதல் விதியாக வைத்தது இதுதான். விதி என்றால் இதுதான் விதி! ஏழைக்கும் பணக்காரனுக்கும், எந்த நட்சத்திரத்தில் பிறந்தவனுக்கும் ஒன்றுபோல நடக்கும். எந்தப் பரிகாரத்துக்கும் மாறாது.

இரண்டாவது, ஒரு காரில் கனத்த ஆளும், எதிர்க்காரில் ஒரு சிறுவனும் உட்கார்ந்து நேருக்கு நேர் மோதட்டும். பின்னால் தூக்கி எறியப்படுவது சிறுவனின் காரே. "பெரிய கார் பலமாக இடித்தது, சின்னக் கார் மெதுவாக இடித்தது" என்று நாம் நினைக்கிறோம். அது தவறு. இரண்டும் ஒன்றையொன்று ஒரே அளவு விசையோடுதான் தாக்குகின்றன. ஆனால் அதே விசை கனமான பொருளைக் கொஞ்சம் அசைக்கிறது. இலேசான பொருளைத் தூக்கி எறிகிறது.

இதை நம் ரோட்டுக்குக் கொண்டுவந்து கணக்குப் போடுவோம். சுமையோடு 25,000 கிலோ எடையுள்ள லாரி ஒன்று மணிக்கு 36 கி.மீ. வேகத்தில், அதாவது நொடிக்கு 10 மீட்டர் வீதம் வருகிறது. எதிரே இரண்டு பேர் ஏறிய மோட்டார் சைக்கிள், ஆளும் வண்டியுமாக 250 கிலோ, அதே வேகத்தில் வருகிறது. இரண்டும் மோதி ஒன்றாகச் சிக்கிக்கொண்டு போனால், லாரியின் வேகம் நொடிக்கு 10-லிருந்து 9.8 மீட்டராகக் குறையும். மோட்டார் சைக்கிளோ முன்னோக்கி 10 என்பதிலிருந்து பின்னோக்கி 9.8 என்று ஒரு கண்ணிமைப்பில் மாறும். லாரிக்காரருக்கு ஒரு சிறு குலுக்கல். மோட்டார் சைக்கிள்காரருக்கு வாழ்வே முடிந்தது. இதிலே யாருடைய ஜாதகம் வேலை செய்கிறது? எடை வேலை செய்கிறது, வேகம் வேலை செய்கிறது. இரண்டையும் பெருக்கினால் வருவதைத்தான் உந்தம் என்கிறார்கள்.

முட்டையும் அட்டையும்

மூன்றாவது சங்கதிதான் முக்கியமானது. டேஷிங் காரின் ரப்பர் வளையம் என்ன செய்கிறது? மோதலைத் தடுக்கவில்லை, மோதலை நீட்டுகிறது. இரும்பும் இரும்பும் மோதினால் பட்டென்று நின்றுவிடும். நடுவில் ரப்பர் இருந்தால் அது அமுங்கி அமுங்கி, சற்று நேரம் கழித்து நிறுத்தும். ஒரே வேகத்தை ஒழிக்க நேரம் அதிகமானால் விசை குறையும். நேரம் குறைந்தால் விசை கூடும்.

நாமக்கல் சீமையில் இருக்கும் நமக்கு இதைப் புரியவைக்க ஆங்கில நூல் எதற்கு? முட்டை போதும். ஒரு முட்டையைச் சுவரில் எறியுங்கள், உடையும். இரண்டு பேர் ஒரு போர்வையைத் தொங்கவிட்டுப் பிடித்துக்கொண்டு, அதே முட்டையை அதே பலத்தோடு அதன்மேல் எறியுங்கள், உடையாது. போர்வை பின்வாங்கி மெதுவாக நிறுத்துகிறது. இங்கிருந்து வெளியூர்களுக்கு லட்சக்கணக்கான முட்டைகள் லாரி ஏறிப் போகின்றனவே, எந்தத் தெய்வத்தின் அருளால் உடையாமல் போகின்றன? குழிவு குழிவாகச் செய்த அந்தக் காகித அட்டையின் அருளாலே போகின்றன!

தலைக்கவசம் என்பது தலைக்கு வைத்த முட்டை அட்டை. மேலே கெட்டியான ஓடு. உள்ளே தெர்மாகோல் போன்ற மெத்தை. தார் ரோட்டில் வெறும் தலை மோதினால் ஒரு நூல் தூரத்துக்குள் நிற்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மெத்தை நசுங்கி ஓர் அங்குல தூரத்தில் நின்றால், எட்டு நூல் ஓர் அங்குலமாகையால், சராசரி அடி எட்டில் ஒரு பங்காகக் குறையும். தச்சு வேலை, லாரிக்குக் கூடு கட்டும் வேலை செய்யும் தோழர்களுக்கு இந்தக் கணக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏழு நூல் மெத்தைதான் ஓர் உயிரின் விலை.

"தலைக்கவசம் போட்டவனும் சாகிறானே?" என்று சிலர் கேட்கிறார்கள். சாகத்தான் செய்கிறான், நாம் மறுக்கவில்லை. குடை பிடித்தவனும் பெருமழையில் நனைகிறான். அதற்காகக் குடையை எறிந்தவர் உண்டா? பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்ததில், தலைக்கவசத்தால் மரண அபாயம் நூற்றுக்கு 40 அளவும், தலைக்காயம் நூற்றுக்கு 70 அளவும் குறைகிறதென்று கண்டிருக்கிறார்கள். எந்தத் தாயத்துக்காரனாவது இப்படிக் கணக்குக் காட்டினதுண்டா? லாரன்ஸ் என்ற பேர்பெற்ற ஆங்கிலேயர் 1935-ல் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு இறந்தபோது, அவருக்கு வைத்தியம் பார்த்தவர்களில் ஒருவரான கெய்ன்ஸ் என்ற மூளை வைத்தியர் "விதி" என்று கையை விரித்துவிடவில்லை. அடிபட்ட தலைகளை ஆராய்ந்து, கவசம் உயிரைக் காக்கிறதென்று 1941-ல் எழுதி வெளியிட்டார். அதிலிருந்து எத்தனை பேர் பிழைத்தார்கள்!

நிற்க, காரில் போகிறவர்களுக்கும் இதே நியாயந்தான். இடுப்பையும் தோளையும் சேர்த்துக் கட்டும் பெல்ட்டை 1959-ல் சுவீடன் நாட்டுப் போலின் என்ற பொறியாளர் அமைத்தார். கார் நிற்கும்போது நம்மையும் அதனோடு சேர்த்து நிறுத்துவதே அதன் வேலை. தாய்மார்கள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்காருகிறார்கள். பத்துக் கிலோ குழந்தை, 36 கி.மீ. வேகத்தில் கார் மோதிப் பத்தில் ஒரு நொடிக்குள் நிற்கிறது. அந்தக் கணத்தில் குழந்தையைப் பிடித்து நிறுத்த நூறு கிலோ மூட்டையைத் தாங்கும் பலம் வேண்டும். எவ்வளவு பாசமுள்ள தாயானாலும் கை விட்டுப் போகும். குற்றம் பாசத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது.

வேகம் என்பது ஓர் உயரம்

வேகத்தை வாலிபர்கள் ஒரு வீரமாக நினைக்கிறார்கள். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதுவது, ஏறக்குறைய 17 அடி உயரத்திலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். வேகத்தை இரட்டித்து 72 ஆக்கினால் 34 அடி என்று நினைக்கிறீர்களா? இல்லை. 67 அடி! நன்றாக வளர்ந்த தென்னையின் உச்சி அது. வேகம் இரண்டு பங்கானால் அடி நாலு பங்கு. தென்னை உச்சியில் நின்று "குதிக்கட்டுமா?" என்று கேட்பவனைப் பைத்தியக்காரன் என்போம். அதே பையன் வண்டி வேகமானியில் 72-ஐக் காட்டினால் "கெட்டிக்காரன்" என்கிறோம்.

இன்னொன்றும் யோசியுங்கள். ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு நொடியாகும். 60 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு நொடியிலேயே வண்டி 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். பிறகு நல்ல ரோட்டில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 28 மீட்டர் போல் ஆகும். இருட்டிலே விளக்கில்லாத லாரி 30 மீட்டரில் கண்ணுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? நீங்களே கூட்டிப் பாருங்கள். இந்த ஊர்ப் பிள்ளைக்கு நடந்தது இந்தக் கூட்டல்தான்.

தொப்பூர்க் கணவாயும் முனியும்

தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவில் தொப்பூர்க் கணவாயில் எத்தனை விபத்துகள்! "அங்கே ஒரு முனி காவு கேட்கிறது" என்று சொல்லுகிற கிராமத்தார் இன்றும் இருக்கிறார்கள். முனியின் காரியத்தைச் சற்று விசாரிப்போம்.

25,000 கிலோ லாரி 100 மீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறது. அவ்வளவு எடை இறங்கும்போது வெளிப்படும் சக்தி எங்காவது போய்த்தானே தீரவேண்டும்? அதை வெப்பமாக மாற்றிக் கணக்கிட்டால், எண்பது லிட்டருக்குக் குறையாத பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும். தாழ்ந்த கியரில் இறங்கினால் அதில் பெரும்பகுதியை எஞ்சினே அடக்கிக்கொள்ளும். டீசல் மிச்சம் பிடிப்பதற்காக நியூட்ரலில் போட்டு இறங்கினால் அத்தனை வெப்பமும் பிரேக்கின் தலையில் விழும். பிரேக் காய்ந்து பிடிப்பு விட்டுப்போகும். பிறகு முன்னால் போகிற கார்களெல்லாம் சட்னிதான். ஆகவே அங்கே இருக்கும் முனியின் பெயர் நியூட்ரல். அதற்குப் படைக்க வேண்டியது ஆட்டுக்கிடா அல்ல, தாழ்ந்த கியர்.

எலுமிச்சம்பழம், மிளகாய் கட்டுகிற வழக்கமும் அப்படியே. கட்டுவதனால் வண்டிக்குக் கெடுதல் இல்லையே என்று கேட்கலாம். கட்டினோம் என்ற தைரியத்தில் டயரையும் பிரேக்கையும் பார்க்காமல் விடுவது கெடுதலா இல்லையா? ஆயுத பூஜையன்று நடுரோட்டில் பூசணிக்காயை உடைக்கிறார்களே, அதன் சதையில் சக்கரம் ஏறினால் தரையைப் பிடிக்கும் உராய்வு போய்விடுகிறது. பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள்காரன் வழுக்கி விழுகிறான். ஒருவனுடைய திருஷ்டி கழிகிறதோ இல்லையோ, மற்றொருவனுடைய பல் கழிகிறது!

பெரியவர் சொன்னாலும்

விஞ்ஞானமும் ஒரு வேதந்தானே, நியூட்டன் சொன்னார் என்று நீங்கள் நம்புகிறீர்களே என்று சிலர் மடக்கப் பார்ப்பார்கள். அதற்கும் பதில் சொல்லிவிடுகிறோம். நியூட்டனுக்கு முன் டேகார்ட் என்ற பிரெஞ்சு அறிஞர், ஐரோப்பா முழுதும் மதித்த மேதாவி, 1644-ல் மோதலுக்குச் சில விதிகள் எழுதினார். சிறிய பொருள் எவ்வளவு வேகமாக வந்து மோதினாலும், நிற்கிற பெரிய பொருளை அசைக்க முடியாது என்பது அவற்றில் ஒன்று. நம் தெருவில் கோலி விளையாடும் பையனைக் கேளுங்கள். சின்னக் கோலியால் அடித்துப் பெரிய கோலியை நகர்த்திக் காட்டி, "தப்பு" என்று சொல்லிவிடுவான். 1668-ல் லண்டன் ராயல் சொசைட்டி இவ்விஷயத்தை ஆராயச் சொன்னபோது வாலிஸ், ரென், ஹைகன்ஸ் என்ற மூவர் புதிய முடிவுகளைக் கொடுத்தார்கள். நியூட்டனும் பந்துகளைக் கயிற்றில் தொங்கவிட்டு மோதவிட்டு அளந்து பார்த்தார். டேகார்டின் பிழையான விதிகள் குப்பைக்குப் போயின. அதற்காக ஒருவரையும் நாஸ்திகன் என்று கல்லெறியவில்லை. சாஸ்திரத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் உள்ள பேதம் இதுதான்: ஒன்று சொன்னவரைப் பார்க்கும், மற்றொன்று சொன்னதைச் சோதிக்கும்.

விதியின் பின்னால் ஒளிந்திருப்பவர்கள்

தோழர்களே! 2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 1,68,491 பேர் சாலை விபத்துகளில் மாண்டார்கள். தமிழ்நாட்டில் அந்த ஆண்டு நடந்த விபத்துகள் 64,105; மாண்டவர்கள் 17,884. இதைச் சர்க்கார் கணக்கே சொல்லுகிறது. இத்தனை பேருக்கும் ஒரே ஆண்டில் தலையெழுத்து முடிந்ததென்றால், எழுதினவன் எவ்வளவு பொல்லாதவனாக இருக்க வேண்டும்!

விதி என்ற சொல்லினால் யாருக்கு லாபம் என்று பாருங்கள். டிரைவரைத் தூங்கவிடாமல் இரண்டு இரவு ஓட்டச் சொன்ன முதலாளி அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளுகிறான். லாரியை விளக்கும் சிவப்புப் பட்டையும் இல்லாமல் ரோட்டோரம் நிறுத்தியவனும், பின்புறத்தில் குறுக்குக் கம்பி பொருத்தாமல் ஓட்டவிட்டவனும் ஒளிந்துகொள்ளுகிறார்கள். ரோட்டைத் தோண்டிவிட்டு எச்சரிக்கைப் பலகை வைக்காத காண்டிராக்டரும், உள்ளே மெத்தையே இல்லாத போலிக் கவசத்தை விற்ற கடைக்காரனும் ஒளிந்துகொள்ளுகிறார்கள். பதினாறு வயதுப் பையனிடம் பாசத்தால் சாவியைக் கொடுத்த தகப்பனும், பாவம், அங்கேதான் ஒளிந்துகொள்ளுகிறான். விதி என்றாகிவிட்டால் கேள்வி இல்லை. கேள்வி இல்லாவிட்டால் திருத்தம் இல்லை. திருத்தம் இல்லாவிட்டால் அடுத்த பிணம் வந்தே தீரும்.

விதியை மெய்யாக நம்புகிறவர்கள் அடிபட்டவனை ஏன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்? நஷ்டஈடு கேட்டு ஏன் கோர்ட்டுக்குப் போகிறார்கள்? சனீஸ்வரனைப் பிரதிவாதியாகச் சேர்த்து எவனாவது வழக்குப் போட்டதுண்டா? காசு என்று வரும்போது காரணம் தேடுகிறவர்கள், உயிர் என்று வரும்போது மட்டும் கிரகத்தைத் தேடுவது என்ன நியாயம் என்று கேட்கிறோம்.

என்ன செய்ய வேண்டும்?

நாம் பெரிய காரியம் ஒன்றும் கேட்கவில்லை. வண்டி ஓட்டுகிறவரும் பின்னால் உட்காருகிறவரும், ஆணோ பெண்ணோ, நல்ல கவசம் போட்டு வாரை மாட்டிக்கொள்ள வேண்டும். வாரை மாட்டாத கவசம் மோதலில் தலையைவிட்டு முதலில் ஓடிவிடும். காரில் பெல்ட் போட வேண்டும். லாரித் தோழர்கள் கணவாயில் கியரோடு இறங்க வேண்டும். நின்றால் விளக்கெரிய வேண்டும். தூக்கம் வந்தால், முதலாளி என்ன சொன்னாலும், ஓரமாக நிறுத்தித் தூங்க வேண்டும். இந்த ஊர் வாலிபர்கள் சங்கமாகச் சேர்ந்து, ரோட்டோரம் விளக்கில்லாமல் நிற்கும் வண்டி எதுவானாலும் உடனே அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். பரிகாரத்துக்கு ஜோசியர் கேட்ட தொகையில் கால் பங்குக்குள் நல்ல கவசம் இரண்டு வாங்கலாம்.

நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் நம்பிவிட வேண்டாம். வீட்டுக்குப் போய் ஒரு முட்டையும் ஒரு போர்வையும் எடுத்துச் சோதித்துப் பாருங்கள். உடையாவிட்டால் நாம் சொன்னது மெய். உடைந்தால் ஒரு முட்டை நஷ்டம், அதை நம்மிடம் வசூல் செய்துகொள்ளுங்கள். ஆனால் தலையை வைத்துச் சோதனை செய்யாதீர்கள். அதை வசூல் செய்ய இடம் கிடையாது.

கடைசியாக, அந்த வீட்டு இளைய தோழரும் இந்தக் கூட்டத்தில் இருப்பதைப் பார்க்கிறோம். தம்பி! உன் அண்ணன் விதியால் சாகவில்லை. விளக்கில்லாத லாரியாலும், அடக்காத வேகத்தாலும், ஆணியில் தொங்கிய கவசத்தாலும் செத்தார். இந்த மூன்றையும் மனிதனால் மாற்ற முடியும். நாளைக் காலையில் நீ வண்டியை எடுக்குமுன் அந்த ஆணிக்கு வேலை இல்லாமல் செய்துவிடு.